நிறுத்திவைத்த படம்

மோதிரம் வரவில்லை. இழுத்துப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள். அம்மாவின் விரல் கணுவில் அது சிக்கிக்கொண்டு நின்றது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் மற்றவர்களுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சோப்புப் போட்டால் கழன்றுவிடும் என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். காலையிலிருந்து அவர் சொல்வதுதான் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய கைப்பேசியும் அவரிடம்தான் இருந்தது. தன்னுடையதில் சார்ஜ் தீர்ந்துபோய், அவளுடையதை வாங்கி ஊரெல்லாம் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சாய்ந்துவிட்டாள் என்பதை அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே ராகத்தில் சொன்னார்.

குளியலறையில் சோப்பை நனைத்து நுரை வரத் தேய்த்துக்கொண்டு நடைக்கு வந்தபோதுதான் பார்த்தாள். சின்ன அறையிலிருந்து அண்ணன் வெளியே வந்துகொண்டிருந்தான். வந்தவன் கதவைப் பின்னால் மெதுவாக இழுத்துச் சாத்தினான்.

அண்ணனுக்குக் கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பவன். கார் கதவு சரியாக மூடியதா என்று அடித்து அடித்துப் பார்த்தே பழகியவன். வீட்டுக் கதவுகளும் அவனிடம் அடி வாங்கும். இன்று தாழ்ப்பாள் நாக்கு உள்ளே போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"என்ன தேடினே?"

"ஃப்ரேம் போடறதுக்கு அம்மா போட்டோ. கடையில கேக்கறாங்க."

"கிடைச்சுதா?"

"பாக்கணும்," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கூடத்துக்குப் போய்விட்டான். கையில் போட்டோ எதுவும் இல்லை.

அவள் பார்சல் கிடங்கில் முத்திரை சரிபார்ப்பவள். பெட்டி முழுசாக இருக்கிறதா, ஒட்டிய நாடா ஒரே தடவைதான் ஒட்டப்பட்டதா, பிரித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். பிரித்து ஒட்டிய பெட்டி எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் ஓரத்தில் ஒரு சுருக்கம் காட்டிக் கொடுத்துவிடும். "உன்கிட்ட தண்ணி குடுத்தாலும் டம்ளரைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் குடிப்பே" என்பாள் அம்மா. கம்ப்யூட்டரில் அவளுடைய படங்கள் இருந்த ஃபோல்டருக்கு அம்மா வைத்த பெயர் 'போலீஸ்'. அண்ணனுடையது 'முசுடு'. அப்பாவுடையது 'கண்டக்டர்'. தன் படங்களுக்கு மட்டும் அம்மா 'இதர' என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

முன்பு பழைய பாய்களும் உடைந்த மின்விசிறியும் கிடந்த அறை அது. அம்மா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டு மேசை போட்டுக்கொண்டாள். ஆல்பங்களில் இருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். கேசட்டுகளைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கினாள். ஒவ்வொரு படத்துக்கும் ஆள், வருஷம், முன்பக்கமா பக்கவாட்டா என்றுகூட எழுதி வைத்தாள். சுவரோரம் ஒரு கட்டில். ஜன்னல் திரை எப்போதும் மூடியே இருக்கும். வெளிச்சம் பட்டால் பிலிம் போய்விடும் என்ற பழைய பயம். கம்ப்யூட்டரில் பிலிம் இல்லை என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மேசையின் ஓரத்தில் ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. எல்லாமே அதற்குள்தான். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். முன்பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டி 'இடது', 'வலது' என்று அம்மா எழுதியிருந்தாள். வாங்கிய புதிதில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ரெண்டுலயும் இருக்கறது ஒண்ணேதான். இது செத்தா அது பொழைச்சுக்கும். நானும் உங்கப்பாவும் மாதிரி இல்ல."

கம்ப்யூட்டர் திறந்திருந்தது. அது அவளுக்கு முதல் அடி. பாஸ்வேர்டு அவளிடம் கிடையாது. கேட்டபோதெல்லாம், நான் இருக்கேனே, எதுக்கு என்று அம்மா தள்ளிவிட்டாள். அப்படியானால் அண்ணனிடம் எப்போது கொடுத்தாள்?

இரண்டாவது அடி திரையில் இருந்தது. அண்ணனுடைய முதல் கல்யாண வீடியோ. ஓடவில்லை, நடுவில் நிறுத்தப்பட்டிருந்தது. மேடையில் அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். பக்கத்தில் அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் முதல் அண்ணி பாதி முகத்தோடு.

அப்பா பேசி எடுத்த படம் அது ஒன்றுதான். பஸ்ஸில் நாளெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவார். அன்றைக்கு யாரோ கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். "யாரும் சாப்பிடாமப் போகக்கூடாது. அவசரப்படாதீங்க, நான் விசில் அடிக்காம எந்த வண்டியும் கிளம்பாது." அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் அப்பா இல்லை. அண்ணனுடைய அந்தக் கல்யாணமும் அதிக நாள் இல்லை.

விவாகரத்து ஆனதும் அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி அண்ணன் கூச்சல் போட்டான். அம்மா அழிக்க மறுத்தாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: அழிப்பதில்லை, ஆனால் அது இந்த வீட்டை விட்டு வெளியே போகாது. யாருக்கும் நகல் கிடையாது. அப்பா போன நாளில் வருஷத்துக்கு ஒருமுறை அவள் இங்கே வந்து இந்த நாற்காலியில் உட்காருவாள். அம்மா அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுவாள். ஒரு தடவைக்கு மேல் கேட்டால் இரண்டாவது தடவையும் போடுவாள். மூன்றாவது தடவை எழுந்து காபி போடப் போய்விடுவாள்.

இன்று அம்மா கூடத்தில் கிடக்கிறாள். வாக்குக் கொடுத்தவள் போய்விட்டாள். வாக்கு வாங்கினவன் இந்த அறைக்கு வந்து, ஆயிரம் படங்களுக்கு நடுவில் சரியாக அந்த வீடியோவைத் தேடி எடுத்து வைத்திருக்கிறான். போட்டோ தேடுகிறவனுக்கு வீடியோ எதற்கு?

வண்டி வந்து எல்லோரும் கிளம்புகிற குழப்பத்தில் ஒரு பட்டனை அழுத்திவிட்டால் முடிந்தது. பிறகு கேட்டால், தெரியலையே, அம்மாவே அழிச்சிருப்பாங்க என்று சொல்லிவிடலாம். செத்தவள் சாட்சிக்கு வரமாட்டாள்.

நகல் எடுக்கலாம். எதில் எடுப்பது? கைப்பேசி மாமாவிடம். அப்போது நடையில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் யோசிக்கவில்லை. பெட்டியில் 'வலது' என்று எழுதிய சின்னக் கதவின் பிடியை நெம்பி டிஸ்கை உருவினாள். இது செத்தால் அது பிழைத்துக்கொள்ளும். அதை அவன் அழித்தாலும் இது அவளிடம் இருக்கும்.

கைக்குள் அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அப்படி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திருப்பினால் திரும்ப மறுத்து, பிடித்த பூனை மாதிரி கையை எதிர்த்து முறுக்கியது. அதே நேரம் பெட்டி கத்த ஆரம்பித்தது. கீச் கீச்சென்று விட்டுவிட்டு ஒரு சத்தம். அவள் கைகளில் மோதிரத்துக்காகப் பூசிய சோப்பு இருந்தது.

டிஸ்க் சிமெண்ட் தரையில் விழுந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு அம்மா காஸ் கசிகிறதா என்று கேட்டாள். மாமா எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, ஆஸ்பத்திரியில கேக்கற சத்தம்? போன பிறகு எதுக்கு அடிக்குது?" என்றார். அவருக்கு முன்னால் அண்ணன் உள்ளே வந்துவிட்டான். பெட்டியின் பின்னால் கையை விட்டு எதையோ அழுத்தினான். சத்தம் நின்றது. மாமாவிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். பிறகுதான் தரையைப் பார்த்தான்.

"கீழ போட்டியா?"

"இன்னொண்ணு இருக்கில்ல. ரெண்டுலயும் ஒண்ணேதானே."

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அது அப்போ," என்றான்.

பெட்டி நிறைந்துவிட்டதாம். போன வருஷமோ அதற்கு முந்திய வருஷமோ. புது டிஸ்க் வாங்கச் சொன்னதற்கு அம்மா, இருக்கிற இரண்டிலும் ஒரே படத்தை வைத்து இடத்தை அடைப்பானேன் என்று கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறார். இடம் இரண்டு மடங்கு ஆனது. ஒவ்வொரு படமும் இதில் பாதி, அதில் பாதி. ஒன்று இல்லாமல் மற்றது தகரம். கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியும், அப்படி என்ன ஆகிவிடும், நானா போட்டு உடைக்கப் போகிறேன் என்றாளாம் அம்மா.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"உன்கிட்ட மட்டும் ஏன் சொன்னாங்க?"

அவன் குனிந்து டிஸ்கை எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி உள்ளே தள்ளினான். பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நின்றது. மறுபடி தட்டியது. அவன் அதன் மின்சார வயரை உருவிவிட்டான்.

"எதுக்கு எடுத்தே?"

"நீ அழிச்சிடுவேன்னு."

அண்ணன் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் இருந்தது துக்கமா, ஒரு சுமை இறங்கிய நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நேற்றிலிருந்து அழுத கண்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

"அம்மா சிரிக்கற படம் வேணும்னு பாத்தேன்," என்றான். "இதர-ல இருக்கறது பூரா அடையாள அட்டைக்கு எடுத்தது. சிரிக்கறது இதுல மட்டும்தான் இருக்கு."

நம்பலாம். திரையில் அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் அண்ணியின் பாதி முகமும் அங்கேயேதான் இருந்தது. எதைப் பார்க்க நிறுத்தினான் என்று நிறுத்தினவனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. பெட்டி செத்துவிட்டது, படம் மட்டும் திரையில் அப்படியே நிற்கிறது. அவள் கை சுட்டியைத் தேடிப் போனது. அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தொடாதே."

அவன் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். அவர் முதலில் தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்கே சொன்னேனே என்று இரண்டு தடவை சொன்னார். விழுந்த டிஸ்க் பிழைப்பது சந்தேகம் என்றார். பிறகு குரலை இறக்கி, படம் நிற்கிறது என்றால் கம்ப்யூட்டர் அந்த இடத்துக்கு அப்புறம் கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும், ஓட விட்டால் இரண்டு வார்த்தை வரலாம், வராமலும் போகலாம், ஒரு தடவைதான், அதற்குப் பிறகு திரை கறுத்துவிடும் என்றார். தான் சாயங்காலம் வந்து பதிவு செய்கிற கருவியை மாட்டிய பிறகுதான் ஓட விடவேண்டும். அதுவரை அணைக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது.

இரண்டு வார்த்தை. அப்பாவின் திறந்த வாயைப் பார்த்தாள். எந்த வார்த்தையின் நடுவில் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "அவசர" வரைக்கும் வந்திருக்கிறார்.

கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அண்ணன் தன் கைப்பேசியால் திரையைப் படம் எடுத்தான். ஃப்ரேம் கடைக்கு அனுப்பினான். கோடு கோடாக விழுகிறது, பெரிதாக்க முடியாது என்று உடனே பதில் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அம்மாவின் பழைய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த படமே போயிற்று.

"சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்துதான்," என்றாள்.

"சரி."

"நான் இல்லாம நீ இங்க வரக்கூடாது."

"நீயும்தான், போலீஸ்."

அறையைப் பூட்ட முடியாது. அந்தக் கதவுக்குப் பூட்டு எப்போதுமே கிடையாது. இருவரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். யார் முதலில் வருவது என்று ஒரு கணம் தயங்கி, பிறகு தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

கூடத்தில் புது அண்ணி அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் இந்த வீட்டில் அவள் பெயர் புது அண்ணிதான். அம்மாவே அப்படித்தான் கூப்பிட்டாள், கிண்டலாகத் தொடங்கி அப்படியே நிலைத்துவிட்டது. புது அண்ணி அம்மாவின் விரலில் நூலைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, மோதிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அவசரமே படவில்லை. மோதிரம் கணுவைத் தாண்டியதும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள், வலித்திருக்கும் என்பதுபோல.

"இந்தாங்க," என்று மோதிரத்தை அவளிடம் நீட்டினாள். "கையைக் கழுவிக்கோங்க. சோப்பு காஞ்சு போயிருக்கு."

ஃப்ரேம் வந்தது. அம்மா அதிலிருந்து, அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க என்று சொல்கிற முகத்தோடு எல்லோரையும் பார்த்தாள். வீட்டில் படம் எடுக்கும்போதும் அம்மா அதையேதான் சொல்லுவாள். மூச்சைப் பிடி. எடுத்தபிறகு, விடு. சில சமயம் விடச் சொல்ல மறந்துவிடுவாள். பிள்ளைகள் முகம் சிவந்து நிற்பார்கள்.

வண்டியும் வந்துவிட்டது. மாமா எழுந்து வழக்கம்போல அறை அறையாகப் போய் விசிறிகளையும் விளக்குகளையும் அணைக்கத் தொடங்கினார். அக்காவிடம் கற்ற பழக்கம். ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் எதற்கு ஓடவேண்டும், மெயினையே அணைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே நடையை நோக்கிப் போனார். அண்ணனும் அவளும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அதற்குள் புது அண்ணி மாமாவின் வழியில் போய் நின்றாள்.

"மெயின் வேண்டாம் மாமா. நான் போகல. வீட்டைக் கழுவணும், பையனும் தூங்கறான். நான் இருக்கேன்."

மாமா சரி என்று திரும்பிவிட்டார். அம்மாவைத் தூக்கி வண்டியில் ஏற்ற அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவன் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மனைவியை அல்ல, தங்கையை. ஏதாவது செய் என்கிற பார்வையா, நீதான் செய்தாய் என்கிற பார்வையா?

அவள் நடையில் நின்றாள். என்ன சொல்வது? அந்த அறைக்குப் போகாதீங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். போனால் திரையில் முதல் அண்ணி இருக்கிறாள். பாதி முகம்தான். பாதி போதும்.

"அண்ணி, அந்தச் சின்ன ரூம்ல கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கு. அதை..."

"அணைக்க மாட்டேன்."

"இல்ல, எதையும் தொட..."

"தொடவும் மாட்டேன்." புது அண்ணி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை ஆனா அவர் இங்க வந்து எதைப் பாக்கறார்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? அத்தை எனக்கு எப்பவோ போட்டுக் காட்டிட்டாங்க. மறைச்சு வச்சாத்தான் பெருசாத் தெரியும்னாங்க." கடைசி நாற்காலியைத் தூக்கி வைத்தாள். "போயிட்டு வாங்க. வண்டி நிக்குது."

ஞாயிற்றுக்கிழமைதோறும். அண்ணன் அம்மாவைப் பார்க்கத்தான் வருகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவும் ஒரு தடவை பிரித்து மறுபடி ஒட்டிய பெட்டிதான். அழிக்க வேண்டும் என்று கூச்சல் போட்டவனிடம் அம்மா பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாள். கேட்டவளுக்குக் கொடுக்கவில்லை. பார்க்க உரிமை இல்லாத ஒருத்திக்கு உட்காரவைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எல்லோருக்கும் ஒரு பங்கு கொடுத்து, எல்லோரையும் வாயை மூட வைத்து, அம்மா ஆணி அடித்ததுபோல உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

புது அண்ணி சொன்னது உண்மையாக இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும், சாயங்காலம் வரை ஒரு வீட்டில் தனியாக, அந்தப் படத்தோடு, ஒரே ஒரு பட்டனோடு. இவளுக்கு அப்பாவைத் தெரியாது. அவருடைய இரண்டு வார்த்தை இவளுக்கு என்ன?

மாமா வெளியிலிருந்து கூப்பிட்டார். அவளுடைய கைப்பேசியை அப்போதுதான் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியில் அண்ணன் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் கால்மாட்டில் இடம் பிடித்தாள். வானம் மூடிக்கொண்டு இருந்தது. பகலிலேயே சில வீடுகளில் விளக்கு எரிந்தது. அவர்கள் வீட்டில் மாமா அணைத்தது போக ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். சின்ன அறையின் திரைச்சீலையில் மங்கலான நீலம்.

வண்டி நகர்ந்தபோது அந்த நீலத்தின் குறுக்கே ஒரு நிழல் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டது. உட்கார்ந்தது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் இருந்த ஃப்ரேமை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"மெதுவாப் போங்க," என்றான் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். தெருமுனை வந்தது. வண்டி திரும்பும்வரை ஜன்னலில் நீலம் அப்படியே இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.